அச்சுக்குக் கீழே

ஹுஸ்னியா கிணற்றில் முதல் வாளியை இறைக்கும் சத்தம் கேட்டதுமே ஸஜ்ஜாத் சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ட்ரெயிலரில் அவள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் கணவன் அங்கே வந்து உட்காருவான். உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்குவான்.

அச்சின் உட்பக்கம் தண்ணீர் படவில்லை என்பான். வில்லுத் தகடுகளுக்கிடையில் உப்பு நிற்கிறது என்பான். சில்லு நட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கு, சுற்றிவர இறுக்காதே என்பான். ட்ரெக்டரோடு கொளுவும் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்வான். அவன் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

இறக்கக்கண்டியில் கடற்கரை வீதியிலிருந்து பிரியும் மணல் ஒழுங்கையில் அவர்களுடையது கடைசி வீடு. அதற்கு அப்பால் களப்பும் கண்டல் பற்றைகளும்தான். ஸஜ்ஜாத் கடலட்டை பிடிக்கும் சுழியோடியாக இருந்தவன். சொந்தப் படகு, இயந்திரம், சிலிண்டர்கள் எல்லாம் வைத்திருந்தான். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி ஏறி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. வைத்தியச் செலவுக்குப் படகு போனது, இயந்திரம் போனது, சிலிண்டர்கள் போயின. அந்த நேரத்தில் யாரும் கேட்டு வராததால் ட்ரெயிலர் மட்டும் மிஞ்சியது.

பிறகு அதுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் நஸ்ரி தன் ட்ரெக்டரோடு வந்து அதைக் கொளுவிக்கொண்டு போவான். படகுகளைக் கடலுக்கும் கரைக்கும் இழுப்பான், வலைகளையும் ஐஸ் பெட்டிகளையும் வீதிக்கு ஏற்றுவான். பொழுது சாயும்போது ட்ரெயிலரை முற்றத்தில் விட்டு, வாடகையை விறாந்தைக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போவான். படகு இறக்கும்போது சில்லுகள் பாதிக்கு மேல் கடல் தண்ணீருக்குள் நிற்கும். உப்புத் தண்ணீர் சில்லின் நடுவிலுள்ள பெயரிங்குக்குள் புகுந்தால் கிறீஸ் பால்போல வெளுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் நடுவீதியில் சில்லே கழன்று ஓடும். அதனால் கடலுக்குள் இறங்கி வந்த ஒவ்வொரு நாளும் அதை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இடையிடையே சில்லைக் கழற்றி, பழைய கிறீஸை வழித்தெடுத்துப் புதிதாக அடைக்க வேண்டும். முதலில் ஸஜ்ஜாத் சொல்லச் சொல்ல ஹுஸ்னியா செய்தாள். பழகிய பிறகும் அவன் சொல்வதை நிறுத்தவில்லை.

கலியாணத்துக்கு முன் அவள் கிண்ணியாவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். இப்போது அவளால் வீட்டை விட்டு அதிக நேரம் வெளியே நிற்க முடியாது. அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். பிள்ளைகளும் இல்லை. கடைக்குப் போனால்கூடப் பாதி வழியில் மனது திரும்பி வீட்டுக்கு ஓடும். கிண்ணியாவிலிருந்து மூத்த சகோதரி ஸாலிஹா போன் எடுக்கும்போதெல்லாம், அவனுக்கும் கூடப்பிறந்தவர் ஒருவர் குச்சவெளியில் இருக்கிறார்தானே, கொஞ்சக் காலம் அவர் பார்க்கட்டும், நீ இங்கே வா, பாலர் பாடசாலையில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்வாள்.

பல மாதங்கள் காதில் வாங்காமல் இருந்தவள், கடைசியில் ஸஜ்ஜாதுக்குத் தெரியாமல் நஸ்ரியிடம் கதைத்தாள். ட்ரெயிலரை விற்க வேண்டும், ஆள் பார்த்துத் தாருங்கள் என்றாள். விற்ற காசை ஸஜ்ஜாதின் மூத்த சகோதரரான காக்கா கையில் கொடுத்து, ஸஜ்ஜாதையும் அவர் வீட்டில் விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் போவதுதான் அவளுடைய திட்டம். நஸ்ரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆள் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாங்குகிறவரைக் கூட்டி வருவதாகவும், சில்லுக்கெல்லாம் கிறீஸ் அடைத்து வைக்கும்படியும் சொல்லியிருந்தான்.

அன்று அந்த வெள்ளிக்கிழமை. கச்சான் காற்று காலையிலிருந்தே மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே போனை, நஸ்ரி எடுத்தால் ஸஜ்ஜாதின் கைக்குப் போய்விடக்கூடாது என்று, அவள் தன்னோடு கொண்டுவந்து ட்ரெயிலர் பெட்டியின் பலகைமேல் வைத்திருந்தாள்.

போன பெருநாளுக்குப் பிறகுதானே கிறீஸ் போட்டாய், இப்போது என்னத்துக்கு என்று ஸஜ்ஜாத் கேட்டான். இடது சில்லில் சத்தம் வருகிறது என்றாள். எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டான். அவள் வலது சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். இடது பக்கம் பலகைத் துண்டு போட்டு, அதன்மேல் ஜெக்கை வைத்து அச்சைத் தூக்கினாள். சில்லைக் கழற்றி உருட்டிச் சுவரில் சாய்த்தாள்.

“புள்ள, கட்டையக் குடுத்தியா?” என்று அவன் கேட்டான்.

ஜெக்கை மட்டும் நம்பக்கூடாது என்பது அவன் ஓயாமல் சொல்லும் பாடம். சில்லைக் கழற்ற முன்பே அச்சுக்குக் கீழே பாலை மரத்து முட்டுக்கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். கட்டை கிணற்றடியில் கிடந்தது. பத்து எட்டு வைத்தால் எடுத்து வந்துவிடலாம். அவன் மறுபடி கேட்டிருக்காவிட்டால் அவளே போய் எடுத்திருப்பாள். ஆனால் அவன் கேட்டான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி அடங்கியதும் இன்னொரு தரம் கேட்டான்.

“குடுத்தன்” என்றாள்.

விறாந்தையில் இருந்து பார்த்தால் அச்சின் அந்தப் பக்கம் தெரியாது. பெயரிங்குக்குள் கிறீஸை அடைத்து முடித்தவள், வில்லுத் தகடுகளை அச்சோடு பிடித்திருக்கும் நட்டு ஒன்று இளகியிருப்பதைக் கண்டு, மணலில் பக்கவாட்டில் படுத்து, இடது கையை உள்ளே விட்டு ஸ்பெனரால் இழுத்தாள். நட்டு அசையவில்லை. கோபத்தோடு ஓங்கி இழுத்தாள். பலகையிலிருந்து ஜெக் சரிந்தது.

அவளுக்குச் சத்தம் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. திடீரென்று வெளிச்சம் குறைந்தது. பிறகு முழங்கைக்குக் கீழே பெரிய பாரம். கையை இழுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கை எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீழே மணலாக இருந்ததால் நசுங்கிப் போகாமல் மணலுக்குள் அழுந்தியிருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் நோவு வந்தது. அவள் அப்போதுதான் கத்தினாள்.

ஸஜ்ஜாத் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அடுத்த வீட்டு பஸ்மியாவைக் கூப்பிட்டான். பஸ்மியா வீட்டார் மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருப்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டான். ஊரில் இருந்த ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள் இருந்தார்கள். அவனுடைய குரலைக் காற்று அப்படியே களப்புப் பக்கம் கொண்டுபோனது.

போன் எங்கே என்று கேட்டான். பெட்டிக்கு மேலே என்றாள். நிற்கக்கூடிய ஒருவருக்குத்தான் அது எட்டும்.

விரலை ஆட்டிப் பார்க்கச் சொன்னான். ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்றை அவன் விறாந்தையிலிருந்து கண்டான். ட்ரெயிலரின் முன்பக்கத்தைத் தாங்கும் இரும்புக்கால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்ததால், மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் பெட்டி முழுவதும் அவளுடைய நெஞ்சின்மேல் வரும். அதை அவன் சொல்லவில்லை.

கதிரையைச் சீமெந்துச் சரிவில் வேகமாக விட்டான். மணல் தொடங்கும் இடத்தில் அது புதைந்து நின்றது. கைகளை ஊன்றித் தன்னைத்தானே முன்னால் தள்ளிக் கீழே விழுந்தான். பிறகு முழங்கைகளால் ஊர்ந்தான்.

தரையோடு கிடந்த ஹுஸ்னியாவுக்குப் பெட்டியின் கீழ்விளிம்புக்கும் மணலுக்கும் இடையில் ஒரு கீற்றளவுதான் முற்றம் தெரிந்தது. அந்தக் கீற்றில் அவன் வந்தான். வந்தவன் அவள் பக்கம் திரும்பாமல் கிணற்றுப் பக்கம் போனான். அவளை விட்டு அவன் விலகிப் போவதைப் பார்த்ததும் அவளுக்கு அதுவரை இல்லாத பயம் பிடித்தது.

“எங்க போறீங்க?”

“கட்டைய எடுக்க” என்றான்.

அவள் பொய் சொன்னதைப் பற்றி அன்று அவன் சொன்னது அவ்வளவுதான்.

அவன் கட்டையைத் தனக்கு முன்னால் தள்ளித் தள்ளி வந்தான். ஒரு முழம் தள்ளுவான், ஒரு முழம் ஊர்வான். மத்தியான வெயிலில் மணல் அடுப்புச் சுடுசாம்பல்போல் கிடந்தது. உடுத்த சாரன் இடுப்புக்கு ஏறிவிட்டது. மூச்சிரைக்கும் சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டே அவள் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள்.

ஜெக்கை இழுத்துப் பார்த்தான். எண்ணெய் ஒழுகி மணலில் ஊறியிருந்தது, அது இனித் தூக்காது. அவள் கைக்கு அப்பால் அச்சுக்குக் கீழே மணலைத் தோண்டி, கட்டையைப் படுக்கையாக உள்ளே திணித்து, இன்னும் இறங்க இடமில்லாதபடி பக்கத்தில் கிடந்த ஒரு கல்லால் அடித்து இறுக்கினான். முன்னால் ஊர்ந்து போய், இரும்புக்காலின் பக்கத்தில் அந்தக் கல்லையும் ஜெக்குக்குப் போட்ட பலகைத் துண்டையும் முட்டுக்கொடுத்தான். திரும்பி வந்து அவளோடு தலைக்குத் தலை படுத்துக்கொண்டான். இரும்பைத் தூக்க ஏலாது, உன்னுடைய கைக்குக் கீழே இருக்கிற மணலைத்தான் எடுக்கப் போகிறேன், இழுக்காதே, நான் சொல்லும் வரைக்கும் அசையாதே என்றான். கிறீஸ் டின்னின் மூடியால் தோண்டத் தொடங்கினான்.

காய்ந்த மணல், எடுத்த இடத்தை உடனே நிரப்பிக்கொண்டது. அவன் எடுத்துக்கொண்டே இருந்தான். அவளுக்குத் தொண்டை வறண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மௌத்தாகப் போகிறோம் என்றே நினைத்தாள். மறைத்து வைத்ததோடு போகக்கூடாது என்ற எண்ணம் வந்தது.

“எனக்கு ஹலாலாக்கித் தாங்க” என்று மன்னிப்புக் கேட்டாள்.

“கதைக்காத. மூச்சு வீணாகும்.”

“நான் இந்த ட்ரெயிலர விக்கச் சொன்னன். நஸ்ரி இப்ப ஆள் கூட்டிக்கிட்டு வருவான். உங்களக் காக்கா வீட்ட விட்டுட்டு கிண்ணியாவுக்குப் போக இருந்தன்.”

மூடி மணலில் உரசும் சத்தம் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனுடைய முகம் மிகப் பக்கத்தில், வியர்வையில் மணல் ஒட்டிக்கொண்டு இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. காற்று தகரத்தை அடித்தது. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா உரை கேட்டுக்கொண்டிருந்தது, சொற்கள் விளங்கவில்லை. அவள் அவனைக் கெஞ்சவில்லை. தன்னுடைய கை, மூச்சு, இனி வரப்போகும் காலம் எல்லாம் அந்த டின் மூடியைப் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கிறது என்று மட்டும் விளங்கியது.

“போய் வருவியா, போறதுக்கே போறியா?” என்று கேட்டான்.

“தெரியா” என்றாள். அது உண்மை.

மூடி மறுபடி மணலில் இறங்கியது.

நெடுநேரத்துக்குப் பிறகு, இப்போது மெதுவாக இழு என்றான். கை வந்தது. அது அவளுடைய கை மாதிரி இருக்கவில்லை. வீங்கிக் கறுத்து, மணிக்கட்டுக்கு மேலே கோணியிருந்தது. அவன் அவளை வலது தோளில் பிடித்து இழுத்து வெளியே போட்டான். அவள் வலது கையை ஊன்றி வேப்பமர நிழலுக்குத் தவழ்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவனுடைய முழங்கால்களைக் கண்டாள். தோல் வழன்று, உள்ளே வெள்ளையாக இருந்தது. பாத விரல்களிலும் அப்படியே. அவன் கல்லில் சாய்ந்து, ஒன்றும் அறியாதவனாக, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நஸ்ரியும் ட்ரெயிலர் வாங்க வந்தவரும் ஒழுங்கைக்குள் திரும்பியபோது இருவரும் அப்படித்தான் கிடந்தார்கள். நஸ்ரி ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்து இருவரையும் ஏற்றினான். வாங்க வந்தவர் இவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விலை ஒன்றும் கேளாமல் போய்விட்டார்.

அவளுடைய கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மாவுக்கட்டுப் போட்டு, நோவுக்குக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். ஸஜ்ஜாதைத்தான் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். உணர்ச்சி இல்லாத தோலில் பட்ட தீக்காயம் லேசில் ஆறாது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அவனால் கதிரையில் உட்கார முடியவில்லை. முழங்கால் எதிலும் படாமல், ஒரு பக்கமாகவோ மல்லாந்தோ படுத்தே கிடக்க வேண்டியிருந்தது.

ஊர் முழுவதும் கதை பரவியது. கால் ஏலாதவன் நெருப்பு மணலில் ஊர்ந்துபோய்ப் பெண்சாதியைக் காப்பாற்றினான் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். மூதூரிலிருந்து திரும்பிய பஸ்மியா, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அழுதாள். ஹுஸ்னியாவும் தலையாட்டினாள். அது பொய் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுப் போகும்போது, வாசலில் ஒரு தாழ்ப்பாள் விழுவதுபோல அவளுக்கு இருந்தது. ஸாலிஹா கிண்ணியாவிலிருந்து வந்து ஒரு கிழமை நின்று சமைத்துக் கொடுத்தாள். போகும்போது தங்கையைக் கட்டிப்பிடித்து, இனி நான் உன்னைக் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டால் பாவம் என்றாள்.

நஸ்ரி ட்ரெயிலரின் சில்லை மாட்டி, ஜெக்கைத் திருத்தி, வழக்கம்போல ஓட்டத் தொடங்கினான். கழுவுவதையும் கிறீஸ் போடுவதையும் அவனே செய்தான். ஸஜ்ஜாத் உள்ளே கிடந்தபடி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஹுஸ்னியாவுக்குப் பழைய சத்தத்தைவிடப் பாரமாக இருந்தது. காலையில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவாள். புண் ஆறினால் என்ன செய்வோம் என்று எண்ணம் வரும். ஆற வேண்டும் என்றுதான் துஆ கேட்டாள். ஆனால் ஆறாமல் இருக்கும்வரை தான் ஒன்றும் முடிவு செய்யத் தேவையில்லை என்ற நிம்மதியும் எங்கோ இருந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மாரி தொடங்கி, களப்புத் தண்ணீர் வேலிவரை ஏறியிருந்த ஒரு பின்னேரம். மாவுக்கட்டு வெட்டிய கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. அவள் அவனுடைய புண்ணுக்குக் கட்டிய சீலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவன் சுவரைப் பார்த்தபடி கதைத்தான்.

“அண்டைக்கு நான் கொஞ்ச நேரம் தோண்டுறத நிப்பாட்டினன். உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“கை போனா நீ எங்கயும் போகமாட்டா எண்டு நெனச்சன்.”

அவளுடைய கை சீலையில் நின்றது.

“ஒரு நிமிஷந்தான். ஆனா நெனச்சன். ஊர் என்னப் பத்திச் சொல்றதக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. நான் ஊந்து வந்தத வச்சு உன்ன யாரும் கட்டிப்போட வேணாம். நீ போக இருந்தா போ.”

அவள் கட்டுச் சீலையை முழுதாக அவிழ்த்து எடுத்தாள். பிறகு புண்ணைக் கழுவினாள். எரிகிறதா என்று வழக்கத்தில் கேட்டுவிட்டு, எரியாது என்பது ஞாபகம் வந்ததும் இருவருமே லேசாகச் சிரித்தார்கள். தானும் அன்று ஒன்று செய்ததாக அவள் சொன்னாள். கட்டையை எடுக்க மறக்கவில்லை, நீங்கள் கேட்டதற்காகவே எடுக்காமல் விட்டேன் என்றாள். தெரியும் என்றான்.

அடுத்த நாள் அவன் காக்காவுக்குத் தானே போன் எடுத்தான். காக்கா கலீலுர் றஹ்மான் முதலில் சத்தம் போட்டார், ஊர் என்ன கதைக்கும் என்றார். ஸஜ்ஜாத் விடவில்லை. தன்னைத் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்றான். காலையும் மாலையும் வந்து தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டிவிட்டுப் போக ஒரு ஆள் இருந்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வேன் என்றான். கடைசியில் காக்கா இறங்கி வந்தார். குச்சவெளியிலிருந்து கடற்கரை வீதி பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் வருவதைவிட இங்கேயே தங்குவது லேசு என்று, மழை விட்டதும் தன்னுடைய படுக்கையோடு வந்து சேர்ந்தார். இருந்த இரண்டு அறையில் ஒன்றை எடுத்துக்கொண்டார். முதல் நாளே கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொன்னார்.

ஸாலிஹாவுக்கு ஹுஸ்னியாதான் எடுத்துச் சொன்னாள். பாலர் பாடசாலையில் பழைய இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தவணை தொடங்கும்போது இன்னொருத்தி தேவைப்படும், வந்து பார் என்று பதில் வந்தது. பஸ்மியா சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நஸ்ரியின் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஹுஸ்னியா விசாரிக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் கிளினிக்கிலிருந்து வந்த தாதி புண்ணை அமுக்கிப் பார்த்தாள். புதுத்தோல் மூடிவிட்டது, இனிக் கட்டுத் தேவையில்லை, எண்ணெய் மட்டும் தடவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். காக்கா முற்றத்தில் யாரோடோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் இருவர் மட்டும் இருந்தார்கள். ஹுஸ்னியா அவனுடைய முழங்காலைப் பார்த்தாள். வரியும் சுருக்கமுமாக, புதுத்தோல் மெல்லிய இளஞ்சிவப்பில் இருந்தது. உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தடவினாள். அவனுக்கு அது தெரியாது. ஆனாலும் அவள் கை போகிற இடத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு கிண்ணியாவுக்குக் காலம பஸ்ஸுக்கா, பின்னேர பஸ்ஸுக்கா?” என்று கேட்டான்.

“பின்னேர பஸ்ஸுக்கு” என்றாள். “சோறாக்கி வச்சுட்டுப் போறன்.”